மஹரகமைக்குத் துணை

அத்தியாயம் ஒன்பது

வருகிறேன் என்று றம்லா வாக்குக் கொடுத்துவிட்டாள். கணவன் றஊபிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று மாலை சாய்ந்தமருதில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற காரைதீவுப் பெண் தக்சாயினியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவளுடைய நான்கு வயது மகள் சன்சிகாவுக்குப் பல வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இரத்தத்தைப் பரிசோதித்த டொக்டர், மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியோடு கதைத்துவிட்டதாகவும் தாமதிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். தக்சாயினிக்குச் சிங்களம் தெரியாது. புருஷன் சுஜீபன் கட்டாரில். அந்த ஆஸ்பத்திரியில் மகனோடு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்த ஓர் உம்மா சாய்ந்தமருதில் இருப்பதாக யாரோ சொல்ல, விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க இறங்கணும், ஆரிட்டக் கேக்கணும் எண்டு மட்டும் சொல்லித் தாங்க அக்கா. அது போதும்" என்றுதான் அவள் கேட்டாள்.

றம்லா சொல்லத் தொடங்கினாள். எந்தக் கேற்றால் உள்ளே போவது, வெந்நீர் எங்கே எடுப்பது, தாதிமாரிடம் எப்படிக் கதைப்பது. பாதியில் நிறுத்தினாள். "நானே வாறன் தங்கச்சி" என்றாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. மகன் அர்ஹம் போன பிறகு அவள் ஒரு கலியாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை.

இன்று காலை றஊப் இடியப்பத்தில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

பிசைந்த கை நின்றது.

"எங்க போறயாம்?"

"மஹரகமைக்கி. அந்தப் புள்ளைய வார்ட்டில சேக்குமட்டும் கூட நிண்டுட்டு வாறன்."

"அந்த வார்ட்டுக்கா?"

"ஓம்."

மேசையின் மறுபக்கம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகள் பஸ்மிலா தலையைத் தூக்கினாள். இந்த வீட்டில் மஹரகமை என்ற பெயரை யாரும் சொல்லிப் பல மாதங்கள்.

"உனக்கென்ன விசரா றம்லா? இப்பதான் ரெண்டு வாய் சோறு திங்கத் தொடங்கியிருக்காய். மறுகா அந்தக் கட்டில், அந்த மணம், அந்தப் புள்ளையள்ற அழுகை... அதுகள்ற புள்ளைக்கி என்னவும் ஆகினா அதையும் நீதான் பாக்கணுமா?"

"ஆகினாலும் பாக்கத்தான் வேணும். அந்தப் புள்ளைக்கி அங்க ஒருத்தரையும் தெரியா. நம்ம முதல்ல போன அண்டைக்கி நமக்கு எப்பிடி இரிந்த? ஒரு பாசை தெரிஞ்ச ஆள் இல்லாம நான் கொரிடோரில நிண்டு அழுத உங்களுக்கு ஞாபகம் இல்லயா?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இரிக்கி" என்றான் றஊப். "அந்த ரோட்டில நான் இனிப் போகமாட்டன்."

"உங்களக் கூப்பிடல்ல. நான் பஸ்ஸில போறன்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஒரு காலத்தில் அந்த வேனில்தான் அவன் கொழும்புக்கும் கண்டிக்கும் ஹயர் ஓடினான். மகனின் ஜனாஸாவை மஹரகமையிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்ததும் அதில்தான். மையவாடியில் மகனை அடக்கிவிட்டு வந்த அதே கிழமை, வேனின் சீட்டுகளை எல்லாம் கழற்றிப் போட்டான். இப்போது தம்பி ஸிராஜின் ஹாட்வெயார் கடைக்குச் சீமெந்து மூட்டை ஏற்றி இறக்குகிறான். ஆட்களை ஏற்றுவதில்லை.

*

பஸ்மிலாவையும் கூட்டிக்கொண்டு றம்லா காரைதீவுக்குப் போனாள். குழந்தையின் துணிகளில் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கத்தான்.

சன்சிகா பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் சுஜீபனின் தாய் வல்லியம்மை கஞ்சிக் கோப்பையோடு இருந்தார். பேத்தி வாயைத் திறக்கவில்லை. வந்தவர்களைக் கண்டதும் வல்லியம்மை எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது.

"எங்கட பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வாறீங்க. பெரிய புண்ணியம்" என்றார். "உங்கட மகனுக்கும் இதே வருத்தந்தானா மகள்?"

"ஓம் அம்மா. இதேதான்."

"இப்ப எப்படி இருக்கார்? பள்ளிக்கூடம் போறாரா?"

தக்சாயினி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரிடம் அதை அவள் சொல்லியிருக்கவில்லை என்பது றம்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்மிலா உம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

மழுப்பிவிடலாம். இப்போது நல்லம் என்று சொல்லிவிட்டால், அந்தியில் பஸ் ஏறிவிடலாம்.

"இல்லம்மா" என்றாள் றம்லா. "மௌத்தாகிட்டார். போன வருஷம் நோன்புக்கு முந்தி."

வல்லியம்மையின் கை தானாகவே நீண்டு பேத்தியைத் தன் பக்கம் இழுத்தது. 

"என்ட தம்பியும் அங்கதான் போனவன்" என்றார். "நடந்து போனவன். பெட்டியிலதான் வந்தான். குறை நினைக்காதீங்க மகள், உங்கட மனசு நல்லது. ஆனா பிள்ளையப் பறிகொடுத்த ஆளோட என்ட பேத்தியை நான் அனுப்பமாட்டன். அம்மன் கோயில் சடங்கு வருது. நேத்தி வச்சிருக்கன். அது முடியட்டும், பிறகு பாப்பம்."

"மாமி! அதுக்கு இன்னும் எத்தினை கிழமை கிடக்கு? டொக்டர் உடனே எண்டு சொன்னவர்!" தக்சாயினியின் குரல் உடைந்தது.

"நீ பேசாம இரு."

பஸ்மிலா எழுந்து, "வாங்க உம்மா, போவம்" என்றாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது.

றம்லாவும் எழுந்தாள். கோபம் வரவில்லை. வல்லியம்மையின் இடத்தில் தான் இருந்தாலும் பிள்ளையை இப்படித்தான் இழுத்துக்கொண்டிருப்போம் என்று பட்டது. வாசல் வரை போனவளுக்கு நிந்தவூர் ஜெனூபாவின் நினைவு வந்தது.

ஜெனூபாவின் மகன் ஹாதிக், அர்ஹமுக்குப் பக்கத்துக் கட்டில். இரண்டு உம்மாக்களும் ஒரே சட்டியில் சோறாக்கினார்கள். அர்ஹம் போனான், ஹாதிக் சுகமாகி வீட்டுக்கு வந்தான். அதன்பிறகு றம்லா ஜெனூபாவோடு கதைக்கவே இல்லை. வார்ட்டிலிருந்த உம்மாக்கள் எல்லோரும் சேர்ந்திருந்த வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிக்கொண்டாள். இன்னொருத்தி பிள்ளைக்குச் சுகம் என்று போடும் சேதியைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. சந்தோஷப்பட முடியாத தன்னையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். நம்பரை அழுத்த விரல் பயந்தது. அழுத்தினாள்.

"ஹலோ... றம்லா தாத்தா? நீங்களா?" மறுமுனையில் ஜெனூபா. றம்லாவை அவள் அக்கா முறையில் 'தாத்தா' என்றுதான் அழைப்பாள். அடுத்த சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. "எத்தின தரம் எடுத்தன் தாத்தா. எடுக்கமாட்டேங்கிறீங்களே..."

"மன்னிச்சிக்க ஜெனூபா. ஏலாம இரிந்திச்சி." றம்லா கண்ணைத் துடைத்தாள். "இப்ப ஒரு உதவி. இஞ்ச காரைதீவில ஒரு சின்னப் புள்ள, அதே வருத்தம். வாப்பம்மா பயப்புடுறா. ஹாதிக் நிண்டா கொஞ்சம் கதைக்கச் சொல்லு."

ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பாயின் மேல் வைத்தாள். கரகரவென்று ஒரு பையனின் குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். அர்ஹம்ட உம்மாவா?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம் மகன்."

பிறகு பாயிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. காலையிலிருந்து வாய் திறக்காத சன்சிகா.

"ஊசி குத்துவாங்களா?"

"குத்துவாங்க" என்றான் ஹாதிக். "நோகும். ஆனா அர்ஹம் எனக்கொரு வேலை சொல்லித் தந்தவன். ஊசி குத்தக்குள்ள கையப் பாக்கப்படா. மேல ஃபேனப் பாத்து, எத்தினை தகடு சுத்துது எண்டு எண்ணணும். சுத்துற ஃபேன எண்ணவே ஏலா. நீ எண்ணிக்கிட்டு இரிக்கக்குள்ள ஊசி முடிஞ்சிரும். வார்ட்டில எல்லாப் புள்ளையளுக்கும் அவன்தான் சொல்லிக் குடுத்த."

சன்சிகா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

றம்லாவுக்கு இது தெரியாது. ஊசி போடும் நேரமெல்லாம் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திரும்பிப் பார்க்கும்போது மகன் மேலே பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணீரை அடக்குகிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பஸ்மிலா உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வல்லியம்மை போனுக்குக் கிட்ட வந்து குனிந்தார். "தம்பி, உங்களுக்கு இப்ப சுகமா? என்ன சாப்பிடுறீங்க?"

"எல்லாம் சாப்பிடுவன். உம்மா கடை மிக்சர் மட்டும் தரமாட்டா."

ஜெனூபா போனை வாங்கினாள். "பொய் சொல்லமாட்டன் அம்மா. முழுக்கச் சுகம் எண்டு டொக்டர்மார் இன்னும் சொல்லல்ல. காட்டப் போய்த்தான் வாறம். ஆனா புள்ள பள்ளிக்குப் போறான், பந்தடிக்கிறான். எங்கட வார்ட்டில இருந்து வந்த வேற புள்ளையளும் இரிக்காங்க. கதைக்கணும் எண்டா நம்பர் தாறன்."

வல்லியம்மை சம்மதம் என்று சொல்லவில்லை. மறுப்பும் சொல்லவில்லை. "மகனோட கதைக்கணும்" என்று சொல்லிவிட்டு, கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

*

பகல் தொழுகை முடிந்து றஊப் கடைக்குத் திரும்பியபோது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"நானா, நான் சுஜீபன். காரைதீவு. சன்சிகாட அப்பா."

முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பது போல 'நானா' என்றே அழைத்தான். "சொல்லுங்க தம்பி" என்றான் றஊப்.

"அம்மா இப்ப கதைச்சவ. அனுப்பவா வேணாமா எண்டு அவவுக்கு முடிவெடுக்க ஏலாமக் கிடக்கு. 'அந்தப் பிள்ளைட தாயக் கண்டிட்டன், தகப்பனிட்ட நீ கேள்' எண்டு சொல்றா." சுஜீபன் மூச்சு வாங்கினான். பின்னால் ஏதோ இயந்திரங்களின் இரைச்சல். "மறைக்காமக் கேக்கிறன் நானா. அங்க கொண்டுபோனது பிழை எண்டு நீங்க எப்பவாவது நினைச்சீங்களா?"

ஊரில் எல்லோரும் றஊபின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். பொறுமையாக இரு, அல்லாஹ்வின் நாட்டம், துஆ கேள் என்று சொன்னார்கள். அவனிடம் இதுவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

கடைக்கு வெளியே வந்து, வேனில் சாய்ந்து நின்றான்.

"இல்ல தம்பி" என்றான். "கோபம் வந்திரிக்கி. ஆரோட எண்டு தெரியாத கோபம். ஆனா பிழை எண்டு ஒருநாளும் நினைக்கல்ல. இஞ்ச வெச்சிரிந்தா ஒரு மாசம்தான் எண்டு சொன்னாங்க. அங்க போன படியால ஒரு வருஷத்துக்கு மேல இரிந்தான். அந்த வருஷத்திலதான் சைக்கிள் பழகின, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில. நான் பின்னால புடிச்சிக்கிட்டு ஓடுவன். 'உடுங்க வாப்பா, உடுங்க' எண்டு கத்துவான்."

 வேன் கதவில் படிந்திருந்த சீமெந்துத் தூசியைக் கையால் துடைத்தான்.

"என்ட புள்ளைக்கி நடந்த எல்லாப் புள்ளைக்கும் நடக்கிறல்ல தம்பி. ஒண்டு மட்டும் சொல்றன். ஏலுமெண்டா வந்துருங்க. வேலை பொறகும் தேடலாம். கடைசி மாசங்கள்ல நான் ஹயர விட்டுட்டு அவனோடதான் கிடந்த. இப்ப எனக்கிட்ட இரிக்கிற அது மட்டுந்தான்."

"லீவு கேட்டிருக்கன் நானா." சுஜீபன் அழுதுகொண்டிருந்தான். "அம்மாட்டச் சொல்றன், அனுப்பச் சொல்லி. அந்தி பஸ்ஸில போவாங்க."

"பஸ்ஸிலயா?" றஊப் நிமிர்ந்தான். "காய்ச்சல் புள்ளைய சனத்துக்குள்ள வெச்சா கொண்டுபோற? ஒருத்தன் இருமினா போதுமே. வேணாம். நான் கொண்டுபோறன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

கடைக்குள் போய், "ஸிராஜ், சீட்டெல்லாம் எங்க கிடக்கு?" என்றான்.

ஸிராஜ் நானாவின் முகத்தைப் பார்த்தான்.  "ஸ்டோருக்குப் பின்னால. படங்கு போட்டு மூடித்தான் வெச்சிரிக்கன்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

வேனுக்குள் சீமெந்துத் தூசி ஒட்டிக் கிடந்தது. அந்தத் தூசி நோயாளிப் பிள்ளைக்கு ஆகாது. ஹோஸ் பைப் போட்டுக் கழுவினார்கள். பக்கத்துத் தையல் கடைச் சுபியான் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வரும்போது புதிதாகத் தைத்த ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து டயருக்குக் காற்றுப் பார்த்தார். யாரும் அவர்களை அழைக்கவில்லை.

நடுச் சீட்டைப் பூட்டும்போது றஊபின் கை நின்றது. ஜனாஸாவை வைத்திருந்த இடம்.

"தாங்க நானா, நான் பூட்டுறன்" என்றான் ஸிராஜ்.

"இல்ல. நானே பூட்டுறன்."

நட்டை இறுக்கினான். முதல் தரம் ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்து இறுக்கினான்.

*

அஸர் தொழுகை முடிந்து, வெயில் தணிந்த நேரத்தில் வேன் காரைதீவு ஒழுங்கைக்குள் நுழைந்தது. பைகளோடு வாசலில் காத்திருந்த றம்லா, வேனைக் கண்டாள். உள்ளே சீட்டுகள் இருப்பதைக் கண்டாள்.

"வரமாட்டன் எண்டீங்க?"

"பஸ்ஸில எப்பிடிக் கொண்டுபோற?" என்றான் அவன், அவளைப் பார்க்காமலே. அவள் பைகளை எடுத்து ஏற்றினாள்.

தக்சாயினி பின் சீட்டில் இடம்பிடித்தாள். வல்லியம்மை பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் கறுப்பு நூல். வேன் கதவடியில் தயங்கி நின்றார். மருமகள் கையை நீட்டினாள். வல்லியம்மை அவளிடம் கொடுக்காமல், நடுச் சீட்டில் ஏறியிருந்த றம்லாவிடம் பிள்ளையை நீட்டினார்.

"இந்தாங்க மகள்" என்றார். "உங்கட மடியில வச்சிருங்க."

றம்லா இரண்டு கைகளாலும் வாங்கினாள். காய்ச்சல் சூட்டோடு ஒரு சின்ன உடம்பு. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! சன்சிகா தலையை அவளுடைய முக்காட்டில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் சொன்னதை மனசில வச்சிராதீங்க."

"நீங்க சொன்ன பயத்தில தானே அம்மா. எனக்குத் தெரியாத பயமா?"

வேனைச் சுற்றி வந்த றஊப், முன் சீட்டில் பஸ்மிலா உட்கார்ந்திருப்பதைக் கண்டான். மடியில் ஒரு பை.

"நீ இறங்கு மகள். உனக்கு கிளாஸ் இரிக்கி. சாச்சிட ஊட்ட நில்லு, ரெண்டு நாளில வந்திருவம்."

"இல்ல வாப்பா."

"சொன்னாக் கேளு."

"போன முறையும் இதத்தான் சொன்னீங்க." பஸ்மிலா குரலை உயர்த்தவில்லை. "சாச்சிட ஊட்ட நில்லு, வந்திருவம் எண்டு. நான் நிண்டன். தம்பிய கபன் துணிக்குள்ளதான் கண்டன். அவன் படுத்த கட்டில் எது, எந்த ஜன்னலால பாத்தான், ஒண்டும் எனக்குத் தெரியா. அந்தப் புள்ள ஹாதிக்குக்குத் தெரிஞ்ச அளவுக்குக் கூட என்ட தம்பிய எனக்குத் தெரியா."

றஊப் கதவைப் பிடித்தபடி நின்றான். மகனுக்காக அழுத ஒரு வருஷமும், இவள் எங்கே உட்கார்ந்து அழுதாள் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. பெரிய பிள்ளை, விளங்கிக்கொள்வாள் என்று விட்டுவிட்டான்.

கதவைச் சாத்தினான். சுற்றி வந்து வண்டியை எடுத்தான்.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி அம்பாறை ரோட்டில் ஏறினார்கள். மாவடிப்பள்ளி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கதிர் முற்றிய வேளாண்மை. வாய்க்கால் கட்டில் கொக்குகள். பின்னால் தக்சாயினி கட்டாருக்குப் போன் எடுத்து, கிளம்பிவிட்டோம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை றம்லாவின் மடியில் தூங்கிவிட்டிருந்தது.

றம்லா கண்ணை மூடிக்கொள்வோம் என்று நினைத்திருந்தாள். இந்த ரோட்டில் அவள் கடைசியாக வந்தபோது ஒன்றையும் பார்க்கவில்லை. இப்போது மடியில் கனமிருந்தது. கழுத்து வியர்க்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும். கண்ணை மூட நேரமில்லை.

"வாப்பா" என்றாள் பஸ்மிலா, ரோட்டைப் பார்த்தபடியே. "தம்பி கடைசியா என்ன கதைச்ச?"



அர்ஹமின் கடைசி நேரத்தில் றம்லா கட்டிலருகில் இருக்கவில்லை. மகனுக்காக சுஜூதில் கிடந்து அழுவதற்குத் தொழுகை அறைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கூட இருந்தவன் றஊப் மட்டும்தான். அர்ஹம் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தாங்கமாட்டோம் என்று பயம். அவனும் சொல்லவில்லை.

முன் கண்ணாடியில் இருவரின் கண்களும் சந்தித்தன. அவனுடைய பார்வை அனுமதி கேட்பது போலிருந்தது. றம்லா குழந்தையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டு, ஓம் என்று தலையை அசைத்தாள்.

றஊப் வேகத்தைக் குறைத்தான். வேனை வயலோரமாக ஒதுக்கி நிறுத்தினான்.

"சொல்றன்" என்றான். "ரெண்டு பேரும் கேளுங்க."